டிவி வெட்டிவிட்ட பாதி

மகளின் காலேஜ் சியர்லீடிங் குழுவை இன்று டிவியில் காட்டினார்கள். குஞ்சம் ஆட்டுவதும் சிரிப்பதும் மட்டும்தான் வந்தது.

உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன மக்கா டான்ஸ்காரி, டிவியில சுந்தரியா இருந்தியே" என்று சீண்டினேன்.

"நீயே டான்ஸுன்னு சொன்னா டிவிக்காரன என்ன சொல்ல? இது விளையாட்டாக்கும். பாரு" என்று போனை நீட்டினாள்.

நான்கு பிள்ளைகள் சேர்ந்து அவளை மேலே எறிகிறார்கள். அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அவர்கள் கையில் விழுகிறாள். இன்னொரு முறை பார்க்கத் துணியாமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"முழுசும் காட்டணும்னு எங்க டீம்ல எல்லாரும் சேனலுக்கு கமென்ட் போட்டாச்சு. நீயும் போடும்மா."

அப்போதிலிருந்து எழுதுகிறேன், அழிக்கிறேன், எழுந்து நடக்கிறேன். முழுதும் காட்டினால் கல்ஃபில் இருக்கிற அவள் அப்பாவும் பார்ப்பாரே, பார்த்தால் இதையே நிறுத்தச் சொல்வாரே.

நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், பக்கத்திலேயே நிற்கிறாள்.