வேன் கொடுத்த கரண்ட்

வேலம்பாளையத்தில் கரண்ட் போய்விடுகிறது. வீடுபோல் வசதி செய்த எங்கள் கேம்பர் வேனை நிழலுக்காக நாங்கள் ஓரங்கட்டி நிறுத்தியிருக்கும் பனியன் கம்பெனியில் தையல் மெஷின்கள் சட்டென்று ஓய்கின்றன. முதலாளியம்மா வெளியே ஓடிவருகிறார்.

“ஏனுங்க, உங்க வண்டியில மட்டும் எப்படி ஃபேன் ஓடுது? நாங்க கடைசிக் கட்டு பனியனைத் தச்சு முடிக்கோணுமுங்க. லாரி கிளம்பீருச்சுன்னா ஆர்டரே போயிருமுங்க.”

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நான் ஊர் ஊராகச் சுற்றுகிறேன். வண்டியைக் கிளப்ப ஒரு பேட்டரி, குடும்பம் நடத்தத் தனியாக இன்னொன்று, அதை நிரப்பக் கூரையில் சோலார் என்று பொழிகிறேன்.

“அதெல்லாம் சரிங்க. மெஷின் ஓடுமுங்களா?”

வேனிலிருந்து ஒயரை இழுத்து ஒரு மெஷினுக்கு மாட்டுகிறோம். ஓடுகிறது!

“இன்னொன்னும் போட்டுக்கலாமுங்களா?”

இன்வெர்ட்டர் தாங்குமா என்று நான் பார்ப்பதற்குள் மனைவி வேனிலிருக்கும் ஃபிரிட்ஜை அணைத்துவிடுகிறாள். இரண்டு மெஷின்களும் தடதடக்கின்றன. கட்டு முடியும்வரை கரண்ட் வந்து தொலையக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.