இடப்பக்கத்து அசைவுகள்

செவ்வாய்க்கிழமை காலை. ஸ்கேன் அறைக்கு வெளியே நடைவழியில், மடியில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருபத்தெட்டாவது வாரம். முந்தைய வெள்ளிக்கிழமை இதே அறையில் இரண்டு இதயங்களும் துடிப்பதைக் கேட்டிருந்தேன்.

என் வயிற்றில் இருந்தவை ஒரே நஞ்சுக்கொடியைப் (கருவுக்கு உணவும் ரத்தமும் சேர்க்கும் சதைத்தட்டு) பகிர்ந்துகொண்ட இரட்டையர். இப்படிப்பட்டவர்களில் சில சமயம் ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போய்விடும். கொடுப்பது மெலியும், அதைச் சுற்றியுள்ள பனிக்குட நீர் வற்றும். வாங்குவது தேவைக்கு மேல் நீரில் மிதக்கும். வெள்ளிக்கிழமைதான் அந்த வித்தியாசம் முதலில் தெரிந்தது. "செவ்வாய்க்கிழமை மறுபடி பாத்துடலாம். நடுவுல அசைவு குறைஞ்சா உடனே வந்துடுங்க" என்றார் டாக்டர்.

குறிப்பு எழுதுவது என் பழக்கம். காவிரியில் தண்ணீர் வந்த நாள், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த நாள், எல்லாம் அதில் இருக்கும். அசைவுகளை மொத்தமாக எண்ணினால் போதும் என்றுதான் முதலிலிருந்தே சொல்லியிருந்தார்கள். நானாகத்தான் பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இடம், வலம் என்று பிரித்தேன். வலப்பக்கத்துக் குழந்தை ஓயாமல் உதைக்கும். இடப்பக்கத்தில் எப்போதாவது ஒரு புரளல்.

என் கணவருக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீரங்கம் வீட்டுக்குள் நுழைந்ததும் குறிப்பேட்டைத்தான் கேட்பார். வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வாரம் ஒருநாள் எண்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இடது என் புள்ள. சாப்டுட்டு தூங்கிடுது பாரு."

"வெக்கமா இல்ல? பொறக்கறதுக்கு முன்னாடியே சோம்பேறித்தனத்தைக் குடுத்திருக்கீங்க."

"வலது நீ. யாரையும் தூங்க விடாது."

சிரித்தோம். வற்றிய பைக்குள் அசைய இடமில்லாமல் அது ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கையை இடப்பக்கத்திலிருந்து எடுக்கவே இல்லை. சனிக்கிழமை நான்கு. ஞாயிற்றுக்கிழமை ஏழு. திங்கட்கிழமை பதினொன்று. கூடிக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஸ்கேன் கருவியை இடப்பக்கத்தில் நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு திரையை என் பக்கமிருந்து திருப்பினார்.

"சின்னக் குழந்தைக்குத் துடிப்பு இல்லம்மா."

"இல்லைங்க டாக்டர். நேத்து இடது பக்கம் பதினொண்ணு. காலையில கூட ரெண்டு. இதோ பாருங்க."

அவர் குறிப்பேட்டை வாங்கி அந்தப் பக்கங்களைப் பார்த்தார். "இப்படிப் பிரிக்கச் சொன்னது யாரும்மா? பெருசு உதைச்சா தண்ணி அலையும். கூடவே இதுவும் குலுங்கும். கைக்கு வித்தியாசம் தெரியாது."

"என்னைக்குப் போச்சு?"

"வெள்ளிக்கும் இன்னைக்கும் நடுவுல."

"எந்த நாள்ங்க?"

"அதைச் சொல்ல முடியாதும்மா."

முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டதற்கும் தெரியாது என்றுதான் சொன்னார். அந்தப் பதிலோடு எப்படி இருப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரே நஞ்சுக்கொடி என்று எழுதிய அறிக்கை உங்கள் கையில் இருந்தால் இதை மட்டும் கேளுங்கள்: வயிறு திடீரென்று பெருத்து இறுகினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எந்த அசைவு யாருடையது என்று உங்கள் கையை நம்பாதீர்கள்.

ஒன்று இறக்கும் நேரத்தில் மற்றதன் ரத்தம் அதற்குள் பாய்ந்துவிடலாம். உயிரோடு இருப்பதன் மூளைக்கு ரத்தம் போதாமல் போகலாம். உடனே வெளியே எடுத்தாலும் நடந்தது மாறாது, குறைமாதமும் சேர்ந்துகொள்ளும். அதனால் இருவரையும் இன்னும் ஆறு வாரம் சுமந்தேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த அம்மாள், "ரெட்டையா? குடுத்து வெச்சவ" என்றார். தலையாட்டினேன்.

வளைகாப்பு வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். அவர் தங்கை மட்டும் ஒரு டஜன் கண்ணாடி வளையலோடு வந்து வாசலிலேயே நின்றாள். "உயிரோட இருக்கறதுக்காகவாவது போட்டு விடட்டுமா அண்ணி?"

"போடு. சத்தத்தைக் கேக்கறது கேக்கட்டும்."

முப்பத்திரண்டாவது வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், இருக்கும் குழந்தையின் மூளையில் வெண்பகுதி (மூளையின் கட்டளைகளைக் கடத்தும் நரம்பிழைகள்) சில இடங்களில் சிதைந்திருப்பது தெரிந்தது. எவ்வளவு பாதிக்கும் என்பது வளர வளரத்தான் தெரியும் என்றார்கள்.

முப்பத்துநான்காவது வாரம் ஆபரேஷன். இரண்டும் பெண். ஒருத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். மற்றவளைத் துணியில் சுற்றி ஒருமுறை காட்டினார்கள். கணவர் கொண்டுபோய்ப் புதைத்தார். படிவத்தில் இறந்த நாளாகப் பிரசவ நாளையே எழுதினார்கள். அது அவளுடைய நாள் இல்லை. இப்படிப் போன குழந்தைக்குத் திதி கிடையாது என்றார்கள். நாள் யாருக்கும் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு குறிப்பேட்டில் நான் எதுவும் எழுதவில்லை.

பிசியோதெரபி அறையில் வயதைக் கேட்டால் இரண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: பிறந்து பதினான்கு மாதம், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டரை. போன வாரம், "எப்பங்க நடப்பா?" என்றார் கணவர்.

"தேதி கேக்காதீங்க சார். மொதல்ல அந்தக் கை திறக்கட்டும்" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

மகளின் வலது கை எப்போதும் மூடியே இருக்கிறது. தினமும் வெந்நீரில் நனைத்து ஒவ்வொரு விரலாக விரிக்கிறேன். சுண்டுவிரல் முதலில், கட்டைவிரல் கடைசியில். விட்டதும் மூடிக்கொள்கிறது. மறுபடி விரிக்கிறேன். என்ன கிழமை என்று கணவரைத்தான் கேட்கிறேன்.

இன்று காலை கை மூடுவதற்குள் என் சுட்டுவிரலை உள்ளே வைத்தேன். அழுத்திப் பிடித்தாள். அவளாகப் பிடித்தாளா, தசையின் இறுக்கமா என்று தெரியவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.