கம்ப்யூட்டர் கடையில் நீட்டிய தாள்

இன்று என் பழைய கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் சல்லி கிராமத்திலிருந்து பஸ்ஸில் டவுன் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். தெரியாதவர்களிடம் எனக்கு வாய் திறந்து கதைக்க வராது. அதனால் வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

கடை முதலாளி பெட்டியைத் திறந்து பார்த்தார். "தங்கச்சி, இதில புது விண்டோஸ் ஏறாது. புதுசு ஒண்டு எடுங்கோ."

தாளை நீட்டினேன்.

"புது விண்டோஸ் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேகமான எஸ்எஸ்டி போட்டு, ராம் மெமரியை எட்டு ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றினால் இன்னும் ஐந்து வருடம் ஓடும்."

இரண்டு தரம் வாசித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கு. ஆர் எழுதினது, அண்ணாவோ?"

பயத்தில் "ஓம்" என்றுவிட்டேன்.

"அவரை நாளைக்கு இங்க வேலைக்கு வரச் சொல்லுங்கோ. ரிப்பேருக்கு ஆள் தேடி அலுத்துப்போனன்."

பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்ட என்னை, வேலை கேட்டுப் போன ஒரு கடையும் எடுக்கவில்லை. "நான்தான் எழுதினனான்" என்ற இரண்டு சொல்லைச் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன். அரை மணித்தியாலம் வாசலில் நின்றும் திரும்ப உள்ளே போக ஏலவில்லை. வீட்டுக்கு வந்தும் அழுகை நிற்கவில்லை.

எனக்கு அண்ணாவே இல்லை. ஆனால் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. நாளைக்குள் அதை அவனிடமிருந்து எப்படிப் பறிப்பது? யாராவது சொல்லுங்களேன்.