நடந்தால் சரியாகிற முதுகு

பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லரை வேலைக்கு எடுக்கும்போது கை வேகத்தைப் பார்ப்பார்கள், முன்பு எந்தக் கம்பெனியில் இருந்தாய் என்று கேட்பார்கள். முதுகு எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த பிறகு நல்லூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாலு வருஷம் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். அப்புறம் நடக்க ஆரம்பித்தேன். ஏன் நடந்தேன் என்பதுதான் கதை. காலையில் கண் விழித்ததும் நேராக எழ முடியாமல், பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு எழுகிறவர்கள் நம் ஆட்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

எட்டரை மணிக் கிழவி

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பையனுக்கு மூன்று. ஷிப்டு எட்டரைக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி மாடிப்படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவேன். இடுப்புக்குக் கீழே, பிட்டத்தில், ஒரு வாரம் இடது பக்கம் வலிக்கும், மறு வாரம் வலது பக்கம் போய்விடும். முதல் இரண்டு மணி நேரம் பீஸ் நகரவே நகராது. டீ பிரேக்கில் மற்றவர்கள் உட்கார, நான் காம்பவுண்டைச் சுற்றி நடப்பேன். பதினொரு மணிக்கெல்லாம் உடம்பு இளகிவிடும், எல்லோரையும் முந்திவிடுவேன்.

சூப்பர்வைசர் பழனிச்சாமி அண்ணன் நல்ல மனிதர். ஆனால் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதி வைப்பது அவர் வேலை. அந்தக் காகிதத்தைப் பார்த்தால் நான் நடிக்கிறேன் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒருநாள் தையல் மெஷின் லைனில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். “எட்டரைக்குக் கெழவியாட்ட வர்றே, பதினொரு மணிக்குக் கொமரியாட்ட ஓடறே. இந்த வலி எந்தக் கடைல விக்குதுன்னு சொல்லு அம்மிணி, நானும் போய் வாங்கிக்கறேன்.”

ஒரு வீட்டில் இரண்டு முதுகு

என் வீட்டுக்காரர் நாகராஜுக்குத் திருமுருகன்பூண்டியில் சிற்பக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் குனிந்து உளி பிடிப்பவர். அவருக்கும் முதுகு வலி உண்டு. சாயங்காலம் வந்து பாயில் மல்லாந்து படுப்பார், காலையில் சரியாகிவிடும். அதனால் எனக்கும் அதே வைத்தியத்தைச் சொன்னார். பக்கத்தில் பார்த்த டாக்டரும் டிஸ்க் நகர்ந்திருக்கும், மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார்.

இறங்கவில்லை. சமையல், பையன், துணி எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். நானோ நாளுக்கு நாள் பலகையாகிக் கொண்டு வந்தேன். மூன்றாவது வாரம் திரும்பிப் படுக்கவே அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு விடியற்காலையில் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். எந்த டாக்டரும் அதுவரை சொல்லாததை அவர்தான் சொன்னார். “எனக்குப் படுத்தாச் சரியாப் போகுது, உனக்குப் படுத்தா முத்துது. அப்ப இது என்ற முதுகுவலி இல்ல புள்ள, இது வேற என்னமோ.”

மெட்ராஸ் ஐ இல்லை

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது மாசம் இடது கண் சிவந்தது. ட்யூப்லைட்டைப் பார்க்க முடியவில்லை. லைனில் ஒரே கலவரம். மெட்ராஸ் ஐ என்று பக்கத்து மெஷின் புஷ்பா தன் கத்தரிக்கோலைக்கூட என்னைத் தொட விடவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் அந்தக் கண்ணில் பையன் முகம் புகையாகத் தெரிந்தது. பயந்துபோய்க் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கிருந்த டாக்டரம்மா மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். வெளியில் ஒட்டிய கிருமி இல்லை, கண்ணுக்கு உள்ளே அழற்சி என்றார். சொட்டு மருந்து எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், காலையில் எழுந்தால் முதுகு இறுகியிருக்குமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைக் காட்ட வந்த இடத்தில் முதுகைப் பற்றி இவருக்கு யார் சொன்னது? உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சிலருக்கு முதுகெலும்பின் மூட்டுகளைத் தாக்கும், அதே கோளாறு கண்ணிலும் வரும் என்று விளக்கினார். கோயமுத்தூரில் மூட்டுவாத டாக்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். “கண்ணை நான் சரி பண்ணிடுவேன்மா. ஆனா உங்க கண்ணு உங்க முதுகைக் காட்டிக் குடுத்திருக்கு, அதை விட்டுடாதீங்க.”

இன்ச் டேப்

கோயமுத்தூர் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் பார்த்தார். முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் அரித்திருந்தது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்றார். நாலு தடவை சொல்லச் சொல்லிக் கற்றுக்கொண்டேன். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடலாம். அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். பெண்களுக்கு வராது என்று நினைத்தே பல பேருக்குக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்றார். நாகராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. நடிக்கவில்லை என்பதற்கு எக்ஸ்ரே சாட்சி கிடைத்த நிம்மதிதான் வந்தது.

அப்புறம் டாக்டர் மேஜை டிராயரிலிருந்து ஒரு இன்ச் டேப்பை எடுத்தார். நெஞ்சைச் சுற்றி வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நெஞ்சு எவ்வளவு விரிகிறது என்று பார்க்கிறாராம், விலா எலும்பும் இறுகுமாம். அவர் நோயைப் பார்த்தார், நான் டேப்பைப் பார்த்தேன். முனை தேய்ந்து முதல் கோடே காணோம். “சார், இதுல அளந்தா ஒழுங்கா வராதுங்க, முனைய விட்டுட்டுப் பத்துலருந்து புடிங்க” என்றேன். டேப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். “அப்ப இனிமே மாசம் ஒருதடவை நீங்களே அளந்து எழுதிட்டு வாங்க. மருந்து குடுக்கறது என் வேலை, உடம்பை அசைக்கறது உங்க வேலை.”

மெத்தை வைத்த நாற்காலி

விஷயத்தை மேனேஜரிடம் சொன்னேன். இளகிய மனசுக்காரர். மறுநாளே மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வந்துவிட்டது. “இனி நீங்க தைக்க வேண்டாம், உக்காந்த எடத்துல லேபிள் எண்ணிக் குடுங்க போதும்” என்றார். லைன் முழுக்க என்னைப் பொறாமையாகப் பார்த்தது. எனக்கு அந்த நாற்காலியைப் பார்த்தால் பயம். அதில் ஒரு வருஷம் உட்கார்ந்தால் அதே வடிவத்தில்தான் எழுந்திருப்பேன்.

அன்று மதியமே அவர் அறைக்குப் போனேன். எனக்கு லைன் செக்கிங் வேண்டுங்க என்றேன். ஒவ்வொரு மெஷினாக நடந்து, தைத்த பீஸை அங்கேயே எடுத்துப் பார்க்கிற வேலை அது. நோய் என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க நடக்கிற வேலை கேட்டால் யார் நம்புவார்கள்? வேலை போய்விடுமோ என்று எனக்கும் உதறல்தான். ஒரு மாசம் கொடுத்துப் பாருங்க, டேமேஜ் பீஸ் கூடினால் நானே நாற்காலிக்குப் போய்விடுகிறேன் என்றேன். மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். “சேர் வேணும்னு வந்த நோயாளிங்க நெறையப் பேரப் பாத்திருக்கறனுங்க. குடுத்த சேரைத் தூக்கிக்கங்கன்னு சொல்ற நோயாளிய இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

சுவரில் நிற்கும் பெண்

ஒரு மாசம் நான் செக்கிங்கில் நடந்த பிறகு அந்த நாற்காலியில் பூனைக்குட்டி படம் போட்ட காலண்டர் பெட்டிதான் உட்கார்ந்திருந்தது. டேமேஜ் கூடவில்லை. ஆனால் எல்லாம் என் சாமர்த்தியம் என்று சொன்னால் பொய். ஆறு மாசம் நன்றாக இருந்ததும், குணமாகிவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன். உடற்பயிற்சியையும் விட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் திரும்பவும் சுவரைப் பிடித்தேன். டாக்டர் திட்டவில்லை, அதுதான் கூச்சமாக இருந்தது. நீங்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

அதன் பிறகு ஒருநாள் தவறியதில்லை. காலையில் வெந்நீர்க் குளியல், குப்புறப் படுத்தல், ஆழமாக மூச்சு இழுத்தல். கடைசியாக மொட்டை மாடிச் சுவரில் குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் படும்படி விறைப்பாக நிற்பேன். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாரம் பார்த்துவிட்டு, பொறுக்க மாட்டாமல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். “ஏனுங்க்கா, தெனமும் என்னுங்க தப்புப் பண்றீங்க, அண்ணன் இப்படிச் செவுத்துல நிக்க வெக்கறாரு?”

அயர்ன் டேபிள் செல்வின்

இரண்டு வருஷம் கழித்து அயர்ன் டேபிளுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செல்வின் என்று ஒரு ஆள் வந்தார். இருபத்தெட்டு வயசு இருக்கும். காலையில் குதிகாலைத் தரையில் வைக்க முடியாமல் வருவார். சாப்பிட்டு உட்கார்ந்தால் எழும்போது பல்லைக் கடிப்பார். ராத்திரித் தண்ணி அடிக்கிறார் என்று பேச்சு. உண்மையில் அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வேலையை விட்டு நிறுத்துவதாக இருந்தது.

நான் போய் மூன்று கேள்விதான் கேட்டேன். காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம்? நடந்தால் குறைகிறதா? விடியக் காலையில் வலி எழுப்புகிறதா? கையிலிருந்த அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டு, மூன்றுக்கும் என் கதையையே பதிலாகச் சொன்னார். நானே டாக்டர் ஆகிவிடவில்லை. கோயமுத்தூர் டாக்டர் முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்து, மேனேஜரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். எக்ஸ்ரேயில் ஆரம்பம்தான், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். திங்கட்கிழமை நேராக என்னிடம் வந்தார், கண் கலங்கியிருந்தது. “எக்கா, அந்த நோவு பேரு வாயில நொழைய மாட்டேங்கு. ஆனா பேருன்னு ஒண்ணு இருக்குல்லா, இனி எவனும் என்னச் சோம்பேறின்னு சொல்ல முடியாதுல்லா.”

மொத்தத்தில், பார்க்கிறவர்கள் எல்லாம் அன்பாக ‘உட்காரு’ என்று சொல்கிற இந்த நோயில், அந்த அன்புக்கு ஒரு கும்பிடு போட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு, நடையைக் கட்டுவதுதான் வைத்தியம்.