சந்தனம் பூசிய டிஸ்க்குகள்

சரஸ்வதி பூசையன்று காலை ஒன்பது மணிக்கு மினிபஸ் என்னை அரியாலையில் இறக்கிவிட்டது. முதல் நாள் மாலை வெள்ளவத்தையில் ஏறியவள் நான். கட்டணம் இருநூறு ரூபாய், தூரம் இருநூற்றைம்பது மைலுக்குக் கிட்ட. ஆனையிறவுச் சோதனைச்சாவடியில் இந்திய அமைதிப்படைச் சிப்பாய்கள் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். என் பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார். அது 1989ஆம் ஆண்டு. மாத்தளையில் பிறந்து கொழும்பில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு யாழ்ப்பாணப் பயணம் அதுதான் முதல் தடவை.

அழைத்தவள் தேவகி. பல்கலைக்கழக விடுதியில் மூன்று வருடம் எனக்கு அறைத்தோழி. கணவர் கனடாவுக்குப் போய் இன்னும் காலூன்றவில்லை. வீட்டு முன்னறையில் அவள் நடத்தும் கணினி வகுப்பில்தான் அடுப்பு எரிகிறது. லண்டனில் இருக்கும் அவள் அண்ணன் அனுப்பிய இங்கிலாந்துக் கணினி ஒன்று, மேசைகள் இரண்டு, வாங்குகள் நாலு, இவ்வளவும்தான் வகுப்பு. விஜயதசமியன்று புதிதாக எட்டுப் பெண் பிள்ளைகள் சேர இருந்தார்கள். நல்ல நாளில் தொடங்கினால் அனுப்புவோம், இல்லையென்றால் தட்டெழுத்து வகுப்புக்குப் போகட்டும் என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

"வாரும், வாரும். நீர் வந்த நேரம் பாத்து அவல் குழைச்சு வைச்சிருக்கிறன்," என்றாள் தேவகி. பயணக் களைப்பில் எரிச்சலோடு இறங்கிய நான் அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோனேன்.

பூசை நண்பகலில். பழைய மாணவிகள் விடிய முதலே வந்து சோடித்திருந்தார்கள். புத்தகங்களுக்கு ஒவ்வொரு பொட்டு, பேனாக்களுக்கு ஒவ்வொரு பொட்டு, கணினித் திரையின் நெற்றியில் பெரிய பொட்டு. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கற்பூரம் காட்டும்போது என் கண் தாம்பாளத்தில் விழுந்தது. கணினியை எழுப்பும் இரண்டு டிஸ்க்குகளும் வெற்றிலைக்கு நடுவே கிடந்தன. டிஸ்க்கைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது கறுப்பு உறை போட்ட சதுரத் தட்டு. உறையின் ஓரிடத்தில் மட்டும் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். இயந்திரம் அதன் வழியாகத்தான் உள்ளே இருப்பதைப் படிக்கும். விரல்கூடப் படக்கூடாத இடம் அது. பிள்ளைகளுக்கு அந்தத் திறப்பு நெற்றியாகத் தெரிந்திருக்கிறது. குழைத்த சந்தனத்தை அதற்குள்ளேயே அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

கற்பூரம் அணையும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பூசையில் வைத்ததை விஜயதசமி விடியும்வரை தொடக்கூடாது என்பது வழக்கம். விஷயத்தைச் சொன்னதும் தேவகிக்கு முகம் வெளிறிவிட்டது. "அம்மா, பொறுத்துக்கொள்ளும்," என்று சரஸ்வதி படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு டிஸ்க்கை எடுத்தாள். ஓடிக்கலோன் வாசனைத் தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்துச் செருகினாள். கரகரவென்று ஒரு சத்தம். திரையில் ஒரு பச்சைப் புள்ளி சிமிட்டிக்கொண்டே நின்றது. இரண்டாவதும் அப்படியே. பொட்டு வைத்த பிள்ளைகள் மூலையில் நின்று விம்மினார்கள். "அழாதேங்கோடி, நீங்கள் சாமிக்குத்தானே செய்தனீங்கள்," என்று அவள் அவர்களைத் தேற்றினாள். அவளை யார் தேற்றுவது?

இரண்டு மணிக்கு வாடகைக் கார் பிடித்தோம். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பின்னேரம் முழுக்க முன்னூறு ரூபாய். ஓட்டியவர் இராசதுரை அண்ணை. நகரத்துக்கு மூன்று மைல். கஸ்தூரியார் வீதிப் பக்கம் மூன்று கடை ஏறினோம். ரேடியோ இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, மூன்று வேகத்தில் சுற்றும் மின்விசிறி இருந்தது. கணினிச் சாமான் என்றால் மட்டும் முதல் இரண்டு கடையிலும் கையை விரித்தார்கள்.

"எழுதித் தந்திட்டுப் போங்கோ. கொழும்பாலை எடுப்பிக்கிறன். மூண்டு கிழமை செல்லும்," என்றார் ஒருவர்.

"நாளைக்கு வேணும்," என்றேன்.

"உங்கடை அவசரத்துக்கு இந்த ரோட்டிலை இன்னும் நாலு கடை திறக்கவேணும் பிள்ளை," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது கடை ஹனீபா நானாவுடையது; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் அழைப்போம். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் மின்சாரம் பார்க்கும் சிறிய திருப்புளி. கண்ணாடிக்குப் பின்னால் துணி போர்த்தியபடி ஒரு கணினி நின்றது. தாய்வானில் செய்தது. கொழும்பில் என் அலுவலக மேசையில் இருப்பதும் அதே வகைதான். ஒரு வருடமாக விலைப்படாமல் நின்றதை நானாவே சொன்னார். அதன் டிஸ்க்கும் எங்களுடையதும் அளவில் ஒன்று. ஆனால் ஒன்றில் எழுதியதை மற்றது படிக்காது. இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தால் கொழும்புக் கடைக்காரர் எங்கள் தலையில் அதைக் கட்டாமல் விடமாட்டார். இவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, உங்கட மெசின் சாதிதான் நீர்வேலியில ஒரு மாஸ்ரரிட்ட நிக்குது. நைஜீரியாவில படிப்பிச்சிட்டு வந்தவர். என்னட்ட ரைப்ரைட்டர் ரிப்பன் வாங்குறவர். முதல்ல அங்க போய் டிஸ்க் இருக்கா எண்டு கேளுங்கோ. சும்மா கிடைக்கிறதுக்கு ஏன் காசு குடுக்கிறது?"

நீர்வேலி ஆறு மைல். கோப்பாய் தாண்டியதும் இரு பக்கமும் வாழை. செம்மண்ணில் வாய்க்கால் வழியே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாத்தளைக்காரிக்குப் பச்சை புதிதில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் தண்ணீரையே பார்த்து வளர்ந்த நான், ஒவ்வொரு சொட்டும் கிணற்றிலிருந்து இறைத்தது என்று இராசதுரை அண்ணை சொன்னபோது மரியாதையோடு பார்த்தேன்.

நைஜீரியா மாஸ்ரர் எங்களைக் கண்டதும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். கணினியைத் திறந்து காட்டினார். அதே இங்கிலாந்துப் பெட்டிதான். ஆனால் அவருடையது பாட்டுக் கேட்கும் கசற்றில் ஓடுவது. டிஸ்க் போடும் பெட்டியே அவரிடம் இல்லை.

"உது வாங்கவேணுமெண்டு நானும் மூண்டு வருசமாத் தேடுறன். பழுதாப் போனா திருத்த ஆளில்லை, வாங்கக் கடையில்லை. நல்ல சாமான்தான் பிள்ளை, ஆனா தனிச்சுப்போச்சு. நானும் தாய்வான் மிசினுக்கு மாறத்தான் போறன்," என்றார். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் கதலிக் குலை ஒன்றை வெட்டிக் காரில் ஏற்றினார். அந்தக் கவலையிலும் நாங்கள் ஆளுக்கு இரண்டு பழம் தின்றோம்.

திரும்பும் வழியில் நான் சொன்னேன், நானாவின் கணினியை எடுப்போம் என்று. தேவகி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா அனுப்பினது," என்றாள்.

"அண்ணா கோபிக்கமாட்டாரு."

"அதில்லையப்பா. ரெண்டு வருசமா அந்த மிசின்ரை குணம் ஒவ்வொண்டாப் படிச்சனான். தாய்வான் மிசினைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. நாளைக்கு எட்டுப் பிள்ளையளுக்கும் தாய் தேப்பனுக்கும் முன்னாலை நிண்டு, ரீச்சருக்குத் தெரியாதெண்டு சொல்லச் சொல்லுறீரோ? ஆர் பிள்ளையை விட்டிட்டுப் போவினம்?"

"ஆமா, சொல்லு! இல்லாட்டி வகுப்பை மூடிட்டு நாளைக்கு என்னத்தைச் சமைக்கப்போற?" என்று கத்திவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் பிரேக் கிடையாது.

முன்னால் இருந்து இராசதுரை அண்ணை மெல்லச் செருமினார். "நான் மொரிஸ் மைனர் காரிலை பழகினனான் தங்கச்சி. இதுக்கு மாறேக்கை கியர் தேடி ஒரு கிழமை பட்ட கேவலம்! நல்லூர் வீதியிலை சனம் நிண்டு சிரிச்சது. பேந்து பழகியிட்டுது."

தேவகி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஐந்து மணிக்கு நகரத்துக்குள் வந்தோம். நானா பாதிக் கதவைச் சாத்தியிருந்தார். எங்களைக் கண்டதும் திறந்தார். எங்கள் கையில் டிஸ்க் இல்லாததைப் பார்த்தார். துணியை எடுத்து உதறிவிட்டுக் கணினியைத் தானே தூக்கிவந்து பின் சீட்டில் வாழைக்குலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்கு வகுப்பை வையுங்கோ. சரிவந்தா காசைப் பேந்து கதைப்பம். சரிவராட்டி கடையில பழைய இடம் கிடக்குத்தானே," என்றார். முன்பின் தெரியாத பெண்ணிடம் கடையின் விலைகூடிய பொருளைக் கொடுத்துவிட்டு, முகவரிகூட எழுதி வாங்காமல் கதவைச் சாத்தப் போனார் அந்த மனிதர்.

விஜயதசமி காலை ஏழரைக்கு எட்டுப் பிள்ளைகளும் புதுச் சட்டையோடு வந்தார்கள். பெற்றோர் முற்றத்தில் நின்றார்கள். நானாவும் சைக்கிளில் வந்துவிட்டார், இணைப்பெல்லாம் சரியா என்று பார்க்க. ஒரு பிள்ளை சந்தனக் கிண்ணத்தோடு கணினியை நெருங்கியதும் அவர் வாசலில் நின்றபடியே பதறினார்: "புள்ள, டிஸ்க்கில வேணாம்! பெட்டியில வை, பெட்டியில வை!" முற்றமே சிரித்தது.

தேவகி முன்னால் வந்து நின்றாள்.

"என்ரை பழைய கொம்பியூட்டர் பழுதாப் போச்சு. இது வேறை. எனக்கும் இது தெரியாது. இண்டைக்கு நானும் பிள்ளையளோடை இருந்து முதலாம் பாடம் படிக்கப்போறன். விருப்பமில்லாட்டி நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாம்," என்றாள்.

களப்புக் கடலில் இறால் பிடிக்கும் ஒருவர், வலை காய்ந்த மணம் இன்னும் போகாத சட்டையோடு நின்றவர், தன் மகளைப் பார்த்தார்.

"தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுற ரீச்சரை நான் இப்பதான் காணுறன். நீ போய் இரு பிள்ளை. ரீச்சருக்குப் பக்கத்திலை இரு," என்றார்.

அதற்குப் பிறகு ஒருவரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எட்டுப் பேரும் இருந்தார்கள்.

கற்றுக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தேவகி வெற்றிலை பாக்கை என் கையில் தந்துவிட்டு, பிள்ளைகளோடு முன் வாங்கில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மூன்று வருடம் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்து பரீட்சையில் கரையேற்றியவள் அவள். நான் ஒவ்வொரு விசையாகச் சொல்ல, ஒன்பது பேரும் முறைவைத்துத் தட்டினார்கள். திரையில் தன் பெயர் முதன்முதலாக வந்தபோது தேவகிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள்.

மறுநாள் காலை மினிபஸ் ஏறினேன். கொழும்பில் என்றால் ஒரே தெருவில் பத்துக் கடை. டிஸ்க் கெட்டால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் வேறு வாங்கிவிடுவேன், விற்றவர் முகம்கூட நினைவிருக்காது. யாழ்ப்பாணத்துக்கு இன்னும் கடைகள் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு அவை இல்லாததால்தான் இத்தனை பேரைக் கண்டேன் என்று நன்றியோடு நினைத்துக்கொண்டே வந்தேன்.

மறு வருடம் யுத்தம் திரும்ப மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஒக்டோபர் கடைசியில் ஆயுத இயக்கத்தின் உத்தரவால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். ஹனீபா நானாவை நான் தேடிக் கண்டது புத்தளத்தில், ஓலைக் கொட்டில் ஒன்றில். உடுத்தியிருந்ததைத் தவிர அவர் கொண்டுவந்தது ஒன்றுமில்லை. அவர்தான் முதலில் கேட்டார்.

"ரீச்சர்ர வகுப்பு நடக்குதா?"

"கரண்ட் இல்ல நானா. பிள்ளைகளுக்குக் கொப்பியில எழுதிப் படிப்பிக்கிறாளாம்."

"அது போதும். கரண்ட் எண்டைக்கோ வரும்," என்றார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, பாயின் ஓரத்தைத் தட்டிவிட்டார். "ரீச்சருக்குக் கடிதம் எழுதினா மறக்காமச் சொல்லுங்கோ தங்கச்சி. மழை தொடங்கிட்டுது. மெசினைத் துணியால மூடி, நிலத்தில வைக்காம மேசையில வைக்கட்டாம்."