கேமராவின் கழுத்தைத் தடவுகிறவர்

கேமராவைக் கையில் எடுத்ததும் ஜெபக்குமார் அதன் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். கேமராவும் லென்சும் சேருகிற இடத்தில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு சுற்றுப் போய்வரும். அதற்குப் பிறகுதான் கண்ணில் வைப்பார். இரண்டு படம் எடுத்துவிட்டு மறுபடியும் தடவுவார். மேடையில் மாப்பிள்ளை மாலையைத் தூக்கிப் பிடித்தபடி கை கடுக்க நிற்பான், இவர் தடவிக்கொண்டிருப்பார். "என்னண்ணே, கேமராவுக்குத் தொண்டை கட்டிருச்சா?" என்று மாப்பிள்ளைத் தோழன் எவனாவது கேட்பான். கூட்டம் சிரிக்கும், ஜெபக்குமாரும் சிரிப்பார். விரல் மட்டும் நிற்காது.

அவர் விரல் தேடுகிற சாமான் அங்கே இருக்க வழியே இல்லை. அது அவர் வீட்டு பீரோவில், பழைய துணிகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கிறது. பீரோவைப் பூட்டியவரும் அவர்தான், சாவியும் அவர் சட்டைப் பையில்தான். இருந்தாலும் தடவுவார்.

இராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது அவருடைய ஸ்டுடியோ. ஆள் நெட்டை. பிடரியில் கேமரா வார் அழுத்தி அழுத்திக் கறுத்த தடம். முழுக்கைச் சட்டையில் வலது கையை மட்டும் மடித்து விட்டிருப்பார். இடது கை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருக்கும். கல்யாண வீட்டில் பந்திக்கு இழுத்தாலும் உட்காரமாட்டார். "சாப்பிட்டா மூச்சு வாங்கும், மூச்சு வாங்குனா படம் ஆடும்" என்பார். பாயசத்தை மட்டும் நின்றபடி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஓடுவார்.

பிஸ்கட் டப்பாவில் இருப்பது எக்ஸ்டென்ஷன் டியூப். கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவே மாட்டுகிற வளையம், மூன்று துண்டு. உள்ளே கண்ணாடி கிண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்றுதான். லென்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தும், அதற்கு அவ்வளவுதான் வேலை. ஆனால் மாட்டிவிட்டால் எறும்பின் காலில் இருக்கிற ரோமம் தெரியும். இதற்கென்றே இருக்கிற லென்சுக்கு யானை விலை என்பதால், கைக்கு எட்டாதவர்கள் இதை வாங்கி ஆசையைத் தீர்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு குணம்: பக்கத்தில் இருப்பதைத்தான் அது பார்க்கும். லென்சுக்கு முன்னால் ஒரு சாண் தாண்டிவிட்டால் எல்லாம் கலங்கிவிடும். அங்கே நிற்பது மனுசனா மரமா என்றுகூடச் சொல்லமுடியாது.

அந்த டியூபை மாட்டிக்கொண்டு அய்யனார் கோவில் ஆற்றங்கரையில் ஈர மணலில் குப்புறக் கிடப்பது ஒரு காலத்தில் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்ததும் வண்டியைக் கிளப்பிவிடுவார். லென்சைத் திருகிக்கொண்டிருந்தால் தட்டான் பறந்துவிடும். ஆளே முன்னால் சாய்ந்து, பின்னால் நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெளிகிற அந்த இடத்தில் அழுத்தவேண்டும். அவர் அப்படி மணலில் அசைவதைப் பார்த்து, குளிக்க வந்தவர்கள் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தோடு ஓடிவந்திருக்கிறார்கள்.

பிறகு டியூபைக் கல்யாணத்துக்கும் கொண்டுபோனார். தாலிப் படம் என்றால் ஜெபக்குமார் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பேர் ஆயிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு மாதிரித் தாலி. அதில் எள்ளளவு வேலைப்பாடும் விடாமல், மஞ்சள் சரட்டின் பிரிகூடத் தனித்தனியாகத் தெரிய, ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்க அந்தப் படம் இருக்கும்.

அவருக்கு இன்னொரு பேரும் இருந்தது. முகூர்த்த நேரத்தில் யாராவது கையைத் தூக்கிப் போனை நீட்டினால் பிடித்தது சனி. "போனை உள்ள வைங்கய்யா! ஆளாளுக்கு நீட்டுனா நான் எங்கிட்டு நிக்க? அதான் நான் எடுக்கேன்ல?" என்று அதட்டுவார். தாய்மாமனாக இருந்தாலும் சரி, பெரிய மில்காரராக இருந்தாலும் சரி, போன் பைக்குள் போய்விடும்.

வன்னியம்பட்டி ஆண்டிச்சாமியின் மகள் பாண்டிசெல்விக்குக் கல்யாணம் நடந்தபோதும் அப்படித்தான் அதட்டினார்.

ஆண்டிச்சாமி தோப்புகளில் தேங்காய் உரிக்கிறவர். வயிற்றில் நோய் முற்றி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் கண் பார்க்க முடித்துவிட வேண்டும் என்று ஊர்க் கோயிலில் அவசரமாக வைத்த கல்யாணம் அது. வீடியோ வேண்டாம், படம் போதும் என்றார்கள். நாற்காலியில் உட்கார்த்தி, வெள்ளைத் துண்டைப் போர்த்தி ஆண்டிச்சாமியைத் தூக்கிவந்தார்கள். ஜெபக்குமார் மூன்று துண்டு டியூபையும் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் மண்டியிட்டார். "பெரியவரே, தாலிய நீங்களே பிடிங்க. ஒங்க கையோட எடுக்கேன்" என்றார். எலும்பாகிப்போன அந்த விரல்கள் தாலியைப் பிடித்தன. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, ரேகையில் தேங்காய் மட்டையின் கறை ஏறியிருந்தது. அத்தனையும் படத்தில் விழுந்தது. தன் ஆயுளில் எடுத்த நல்ல படம் அதுதான் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் மறுபடியும் மறுபடியும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நேரம் தப்பப் போவுது, ஏலே, தாலியக் கட்டு!" என்று யாரோ பெரியவர் கத்தினார். மேளம் உச்சத்துக்குப் போனது. ஜெபக்குமார் எழுந்து நாலு எட்டுப் பின்னால் போய், வழக்கம்போலப் போன்களை உள்ளே வைக்கச்சொல்லி அதட்டிவிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. மஞ்சளாக ஒன்று, சிவப்பாக ஒன்று, ஓரத்தில் வெள்ளையாக ஒன்று. டியூபைக் கழற்ற மறந்திருந்தார். கழற்றப் பார்த்தார், வியர்வைக் கையில் வழுக்கியது. மலிவுச் சரக்கு, இறுகிக்கொண்டது. அதற்குள் மாப்பிள்ளை முடிச்சுப் போடத் தொடங்கிவிட்டான். கூட்டம் அவரையே பார்த்தது. அவர் கேமராவை மறுபடி கண்ணுக்கு ஏற்றி, அப்படியே அழுத்தினார். பிளாஷ் மின்னியது. விடாமல் மின்னியது. படம் எடுக்கிறார் என்று எல்லாரும் நிம்மதியாக அட்சதை போட்டார்கள்.

சட்டைப் பையில் அவருடைய போன் இருந்தது. அது நினைவுக்கு வரவில்லை என்று சொல்லமுடியாது. வந்தது. அத்தனை பேரையும் அதட்டிய வாயோடு அதை எப்படி வெளியே எடுப்பது? டியூப் ஒருவழியாகக் கழன்றபோது, மயக்கமாக வருகிறது என்று ஆண்டிச்சாமியை நாற்காலியோடு தூக்கிப்போய்விட்டார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தான். "அண்ணாச்சி, தாலி கட்டுற படத்த மட்டும் அனுப்புங்களேன், மாமா பாக்கணும்ங்காவ." ஜெபக்குமார் யோசிக்கக்கூட இல்லை, வாயில் தயாராக இருந்ததுபோலப் பொய் வந்தது. "தாலி கட்டுன படம் இருக்குற கார்டுல மட்டும் சின்னக் கோளாறு தம்பி. மெட்ராசுக்கு அனுப்பிருக்கேன். எல்லாத்தையும் மீட்டுக் குடுத்துருவான், கவலையே படாதிய." ஆண்டிச்சாமி அதற்கப்புறமும் கொஞ்ச நாள் இருந்தார். அந்த மாதம் முடிவதற்குள் போய்ச்சேர்ந்தார்.

அன்றிலிருந்துதான் இந்தத் தடவல். டியூப் பீரோவுக்குள் போனது. ஆற்றங்கரைக்குப் போவதும் நின்றது. பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது, ஊர் முழுக்க ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்து ஓட்டுகிற மனுசன், வன்னியம்பட்டிக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்ததும் எடுத்து மாட்டிக் கண்ணாடியையும் இறக்கிவிடுவார். விலக்கைத் தாண்டினால் கழற்றிவிடுவார். "போலீசு அந்தப் பக்கம்தான நிக்கி?" என்று கூட வருகிறவர்கள் கேட்டால் வண்டியை இன்னும் முறுக்குவார்.

ஆனால் பாண்டிசெல்வி விடவில்லை. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் பெட்டி கட்டுகிறாள். சண்டை போடுகிற பெண்ணாக இருந்திருந்தால் ஜெபக்குமார் பிழைத்திருப்பார். அவள் வருகிறபோதெல்லாம் ஒரு பொட்டலம் பால்கோவா கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "மெட்ராஸ்ல இருந்து வந்துருச்சாண்ணே?" என்று கேட்பாள். "வரல தாயி" என்பார். "சரிண்ணே. நல்லதா வரட்டும், மெதுவா வரட்டும்" என்று எழுந்துகொள்வாள்.

ஒருமுறை மட்டும் கூடுதலாகப் பேசினாள். "தாலி கட்டையில நான் குனிஞ்சிருந்தேன்ணே. அப்பா மொகத்தப் பாக்கல. நிமிந்தா ஆளையே தூக்கிட்டுப் போறாவ. அந்நேரம் அப்பா அழுதாவளா, சிரிச்சாவளா? நீங்கதான பாத்துக்கிட்டே இருந்திய?"

ஜெபக்குமார் பார்க்கவில்லை. அத்தனை பேர் இருந்த இடத்தில் கண்ணைத் திறந்துகொண்டே பார்க்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். "சிரிச்சாருத்தா" என்றார். அன்றைக்கு அவள் கொண்டுவந்த பொட்டலத்தை, விசயம் தெரிந்த அவருடைய மனைவி பொன்மணி பிரிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடி, "பாட்டு மட்டும் எம்புட்டுச் சத்தமாப் பாடுதிய" என்றாள். அதற்குப் பிறகு அவர் அங்கே கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

போன வாரம் ஒரு மத்தியானம் பாண்டிசெல்வி தன் பெண் குழந்தையோடு மாடியேறி வந்தாள். மொட்டை போட்டு, காது குத்தி, தலை நிறையச் சந்தனம். அதோடு ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும் என்றாள். முகத்தில் ஒரே சந்தோசம்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு நாளைக்கு லாரியில மெட்ராஸ் போறாரு. அந்தக் கடை அட்ரஸக் குடுங்க. அவரே நேர்ல போயி வாங்கிட்டு வாரேன்னுட்டாரு. ஒங்களுக்கு அலைச்சல் இல்ல பாருங்க."

ஜெபக்குமார் பேனாவை எடுத்தார். கடையை மூடிவிட்டான் என்று சொல்லலாம். கார்டு தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு வரைக்கும் வந்தன. குழந்தை அவர் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"கடைன்னு ஒண்ணு இல்ல தாயி. கார்டு கெட்டுப்போகல."

எல்லாவற்றையும் சொன்னார். டியூபைச் சொன்னார், அது இறுகியதைச் சொன்னார், சும்மா பிளாஷ் அடித்ததைச் சொன்னார். அவள் நம்பவில்லை. "படத்தக் காட்டுங்க" என்றாள். அழிக்க மனம் வராமல் வைத்திருந்த அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தார். மஞ்சள், சிவப்பு, ஓரத்தில் வெள்ளை. எல்லாப் படமும் அதேதான்.

"இதுல அப்பா எங்க?"

வெள்ளையைத் தொட்டுக் காட்டினார். அவள் முன்னால் சாய்ந்து பார்த்தாள். பின்னால் நகர்ந்து பார்த்தாள். மறுபடியும் சாய்ந்தாள். எத்தனை தரம் நகர்ந்தாலும் அது தெளியாது என்று அவருக்குத் தெரியும்.

"அப்போ சிரிச்சாவன்னு சொன்னது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க மறந்தது கூடப் பரவால்லண்ணே" என்றாள் பாண்டிசெல்வி. குரல் ஏறவே இல்லை. "மறுநாள் எங்க வீட்டுக்காரரு கேட்டாருல்ல, அப்பவே சொல்லிருக்கலாம்லா? அப்பா உசுரோடதான இருந்தாவ. எங்க மாலைகூட வாடல. திரும்பப் போட்டுக்கிட்டு அப்பா கட்டில் பக்கத்துல நின்னு, ஒரு போன்ல எடுத்திருப்போமே. கார்டு வந்துரும், வந்துரும்னுதான சும்மா இருந்துட்டோம்."

இத்தனை நாளும் ஜெபக்குமார் அந்த டியூபைத்தான் வைதுகொண்டிருந்தார். அது செய்தது சின்னக் காரியம். பெரியதைச் செய்தது அவர் வாய்.

கீழே மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தை தலையைச் சொறிந்தது. சந்தனம் பொடியாக உதிர்ந்தது.

"சரி, இவள எடுங்க. சந்தனம் காஞ்சு கொட்டுது" என்று பாண்டிசெல்வி குழந்தையை ஸ்டூலில் உட்கார்த்தி, கவுனை இழுத்துவிட்டாள்.

ஜெபக்குமார் கேமராவை எடுத்தார். கழுத்தைத் தடவினார். தடவிவிட்டுக் கண்ணில் வைத்தார். குழந்தை தெளிவாகத் தெரிந்தது. காதில் புதிதாகக் குத்திய இடத்தில் ஒட்டியிருந்த மஞ்சள்கூடத் தெரிந்தது. அழுத்தப் போகிற நேரத்தில் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. பாண்டிசெல்வி அவர் தோளுக்கு மேலாக எட்டி, தன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய உயரம் அவளுக்கு மறைத்தது.

ஜெபக்குமார் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே ஓரமாக நகர்ந்து, நடு இடத்தை அவளுக்கு விட்டு நின்றார்.