வெறுந்தொட்டில்

இப்போது நான் இருக்கும் மஹய்யாவ சந்தில் எங்காவது ஈரச்சேலையில் பிள்ளை மூத்திர வாடை அடித்தால், ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்காம்பராவுக்கு மனசால் போய்விடுகிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் சேலையிலேயே கட்டிவிட்டுப்போன தொட்டில்கள் அங்கே நாள் முழுக்க உத்திரத்தில் முனகிக்கொண்டிருக்கும். வெறுந்தொட்டிலை ஆட்டினால் அதில் தூங்கும் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று அம்மா என் கையைத் தட்டிவிடுவாள். தேயிலை விலை விழுந்ததும் தோட்டத்து ஆட்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். போகிறவள் ஒவ்வொருத்தியும் தன் தொட்டில் சேலையை அவிழ்த்துக்கொண்டு போனாள். செல்லம்மா என்ற ஒருத்தி மட்டும், "அவுக்காதீங்க அக்கா, திரும்பி வந்துருவோம்" என்று அம்மாவிடம் சொல்லித் தன் தொட்டிலை விட்டுப்போனாள். மழைக்காலம் முடிந்தும் வரவில்லை. சத்தமே இல்லாத அந்த அறையில் ஒருநாள் பயந்துகொண்டே அந்தத் தொட்டிலைத் தொட்டேன். அம்மா தடுக்கவில்லை.

"ஆட்டிக்க," என்றாள். "இனி எந்தப் புள்ளைக்கு வலிக்கப் போவுது."